எடிட்டரில் சரியாக ஓடுகிறது, ரெண்டரில் பறக்கிறது: ஃபிரேம் டைமிங்கை எங்கே பிடிப்பது?

கோட்டுக்கிறுக்கி
வணக்கம். மூன்று மாதமாகக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் அனிமேஷன் பழகுகிறேன். கையில் இருப்பது ஆறு நொடிக் காட்சி. ஒரு சிறுமி "அம்மா, இங்க வா, பூனையப் பாரு" என்கிறாள். மதில்மேல் இருக்கும் பூனை கீழே குதிக்கிறது. அவ்வளவுதான்.

எடிட்டரில் ஓட்டிப் பார்த்தால் பூனை கச்சிதமாகக் குதிக்கிறது. வீடியோவாக ரெண்டர் செய்தால் குதிப்பதே கண்ணில் படவில்லை. மதில்மேல் இருந்தது, கண் மூடித் திறப்பதற்குள் தரையில் நிற்கிறது. வேகம் அதிகம் போல என்று எஃப்பிஎஸ்ஸை (நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்ற எண்ணை) 24-லிருந்து 12 ஆக்கினேன். பூனை சரியாகிவிட்டது. ஆனால் குரல் முடிந்த பிறகும் சிறுமியின் வாய் பாட்டுக்கு அசைந்துகொண்டே இருக்கிறது. திரும்ப 24 வைத்தேன். வாய் சரி, பூனை போச்சு. நடுவில் 18 வைத்துப் பார்த்தேன், இரண்டும் போச்சு.

இரண்டும் ஒரே டைம்லைனில்தானே இருக்கின்றன? ஒன்று சரியானால் மற்றது ஏன் கெடுகிறது? ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக நேரம் வைக்க ஏதாவது வழி இருக்கிறதா?

லைட்பாக்ஸ்_பழசு
முதலில் எஃப்பிஎஸ்ஸிலிருந்து கையை எடுங்கள். 24-லேயே இருக்கட்டும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பூனை மதிலை விட்டதிலிருந்து தரையைத் தொடும்வரை எத்தனை ஃபிரேம்? வாய் அசைவுக்கான ஃபிரேம் எண்களை எப்படி முடிவு செய்தீர்கள்? கேன்வாஸ் எவ்வளவு பெரிது?

கோட்டுக்கிறுக்கி
எட்டு ஃபிரேம் அண்ணா. எட்டும் தனித்தனிப் படம்.

வாய்க்கு, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் குரலைத் திறந்து, நேரம் காட்டும் இடத்தில் 24 எஃப்பிஎஸ் ஃபிலிம் ஃபிரேம் என்பதைத் தேர்ந்துகொண்டேன். "அ" எந்த ஃபிரேமில், "ம்" எந்த ஃபிரேமில் என்று தாளில் எழுதிவைத்து, அதைப் பார்த்துப் படங்களை வைத்தேன். பூனைக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. ஒலியை அணைத்துவிட்டு, ஓட்டி ஓட்டிப் பார்த்துக் கண்ணுக்குச் சரியாகப்பட்டதும் நிறுத்திவிட்டேன்.

கேன்வாஸ் 3840-க்கு 2160. பதினொரு லேயர்.

லைட்பாக்ஸ்_பழசு
அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை.

கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச்சைத் திறங்கள். எடிட்டரில் முதல் ஃபிரேமிலிருந்து ஓட்டி, கடைசி ஃபிரேம் வரும்போது நிறுத்துங்கள். 144 ஃபிரேம், 24 எஃப்பிஎஸ். ஆறு நொடி காட்ட வேண்டும். என்ன காட்டுகிறது?

கோட்டுக்கிறுக்கி
பதினொரு நொடி!!

மூன்று தடவை பார்த்துவிட்டேன். 11, 11, 11.2.

லைட்பாக்ஸ்_பழசு
அதுதான் விஷயம். உங்கள் கணினியால் அந்த அளவுப் படத்தை நொடிக்கு 24 காட்ட முடியவில்லை. 144-ஐப் பதினொன்றால் வகுத்தால் சுமார் 13. அமைப்பில் 24 என்று எழுதியிருந்தாலும் திரையில் ஓடியது நொடிக்குப் பதின்மூன்று. அந்தப் பதின்மூன்றைப் பார்த்துத்தான் பூனையைச் சரி செய்திருக்கிறீர்கள். எட்டு ஃபிரேம் பதின்மூன்று எஃப்பிஎஸ்ஸில் 0.6 நொடி. பூனை விழ அது பொருத்தமான நேரம், உங்கள் கண்மேல் தப்பில்லை. ரெண்டர் செய்த வீடியோ நிஜமாகவே 24-இல் ஓடும். அப்போது எட்டு ஃபிரேம் மூன்றில் ஒரு நொடிதான்.

வாயை நீங்கள் கண்ணால் வைக்கவில்லை, கணக்கால் வைத்தீர்கள். அதனால்தான் அது 24-இல் சரியாக இருக்கிறது. ஒரே டைம்லைனில் பாதியைச் சரியான அளவுகோலாலும் பாதியைச் சுருங்கிப்போன அளவுகோலாலும் அளந்திருக்கிறீர்கள். எஃப்பிஎஸ்ஸில் எந்த எண்ணைப் போட்டாலும் இரண்டும் சேராது.

கிரிட்டாவின் டைம்லைன் பட்டையில் "டிராப் ஃபிரேம்ஸ்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருந்தால் எல்லா ஃபிரேமையும் காட்டும், முடியாதபோது மெதுவாகக் காட்டும். போட்டுவிட்டால் சில ஃபிரேமைத் தாண்டிக்கொண்டு நேரத்தைக் காப்பாற்றும். டைமிங் பார்க்கும்போது போடுங்கள், கோடு நடுங்குகிறதா என்று பார்க்கும்போது அணையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கறுப்புமை
பிளெண்டர் என்ற 3டி மென்பொருளிலும் இதே கதைதான். பிளேபேக் பட்டியலில் மூன்று வகை இருக்கும்: எல்லா ஃபிரேமையும் காட்டு, ஃபிரேமைத் தாண்டு, ஒலியோடு ஒட்டிப் போ. முதலாவதை வைத்துக்கொண்டு டைமிங் பார்த்த காலத்தில் நான் ஒரு முழு நடைச் சுழற்சியை இதே மாதிரி பாழாக்கினேன். ரெண்டரில் ஆள் நடக்கவில்லை, தையல் மெஷின் ஊசி மாதிரி காலை ஆட்டினான்.

கேன்வாஸையும் குறையுங்கள். 3840-க்கு 2160 என்பது 1920-க்கு 1080-ஐப் போல நான்கு மடங்கு புள்ளிகள். ஒரு ஃபிரேமைச் சேர்த்து வைக்க மட்டும் ஏறக்குறைய 33 எம்பி. 144 ஃபிரேமுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

வேகக்காரன்
இவ்வளவு சுற்றுவானேன்? ப்ரோஜெக்டையே 12 எஃப்பிஎஸ் ஆக்கிவிடலாம். பூனை அதில் சரியாக இருக்கிறது. வாயின் ஃபிரேம் எண்களை எல்லாம் பாதியாக்கினால் முடிந்தது. கையால் வரைகிறவர்கள் எப்படியும் டூஸில்தான் (ஒரு படம் இரண்டு ஃபிரேம் நிற்கும்படி) போடப்போகிறார்கள். நொடிக்குப் பன்னிரண்டு படம், பன்னிரண்டு எஃப்பிஎஸ். எண்ணவும் சுலபம்.

லைட்பாக்ஸ்_பழசு
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 12-இல் வைத்தால் எல்லாப் படமும் குறைந்தது 83 மில்லி நொடி நிற்கும், அதற்குக் கீழே இறங்க வழியே கிடையாது. 24-இல் டூஸ் போட்டாலும் அதே 83-தான், ஆனால் வேண்டிய இடத்தில் ஒன்ஸுக்கு (படத்துக்கு ஒரே ஃபிரேம்) இறங்கலாம். பூனை தரையைத் தொடுகிற அந்த ஒரு நசுங்கல் படம் ஒரே ஃபிரேம் நின்றால்தான் அடி விழுந்த மாதிரி இருக்கும். இரண்டு ஃபிரேம் நின்றால் பூனைக்குப் பதிலாகக் களிமண் விழும்.

அப்புறம் வாய். எண்களைப் பாதியாக்கினால் ஒற்றைப்படை எண்ணெல்லாம் அரை ஃபிரேமில் வந்து நிற்கும். 37-இல் பாதி என்ன செய்வீர்கள்?

வேகக்காரன்
18 என்று வைப்பேன். 40 மில்லி நொடியை யார் பார்க்கப்போகிறார்கள்?

லைட்பாக்ஸ்_பழசு
உதடு மூடும் இடத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். ஏனென்று தெரியாமலே "என்னமோ டப்பிங் படம் மாதிரி இருக்கே" என்பார்கள்.

ஆந்தைவிழி
நான் ஸ்டோரிபோர்டு அனிமாட்டிக்குக்கு (கதைப் படங்களை ஓட்டிப் பார்க்கும் முன்னோட்ட வீடியோவுக்கு) 12-தான் வைக்கிறேன், குறையே தெரிந்ததில்லை. அந்த அளவில் வேகக்காரன் சொல்வது சரி. ஆனால் கேமரா நகர்கிற ஷாட் வந்தால் 12 தாங்காது. பின்னணி நொடிக்குப் பன்னிரண்டு தடவை குதித்துக் குதித்து நகரும், கண் கூசும்.

24-இலும் இதில் ஒரு பொறி இருக்கிறது. கேமரா ஒன்ஸில் நகரும்போது நடக்கிற ஆளை டூஸில் போட்டால், ஒரு ஃபிரேம் தரை நகரும், ஆள் நகரமாட்டான். அடுத்ததில் இரண்டும் நகரும். பாதம் தரையில் வழுக்கும், உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் தெரியும். கேமரா நகர்வோடு சேர்ந்து நடந்தால் அந்த நடையை ஒன்ஸில்தான் வரைந்தாக வேண்டும். சோம்பேறித்தனம் பலிக்காத இடம்.

கோட்டுக்கிறுக்கி
ஒன்ஸ், டூஸ் என்றால் ஒரு படம் ஒரு ஃபிரேம் நிற்பது, இரண்டு ஃபிரேம் நிற்பது. இது புரிகிறது. நான் எல்லாவற்றையும் ஒன்ஸில் வரைந்திருக்கிறேன் போல. கிரிட்டாவில் ஏற்கெனவே வரைந்ததை எப்படி நீட்டுவது? ஒவ்வொன்றையும் இழுத்து நகர்த்த வேண்டுமா?

கறுப்புமை
வேண்டாம். பூனை லேயரில் அந்த எட்டுக் கீஃபிரேமையும் (புதுப் படம் தொடங்கும் ஃபிரேம்கள்) தேர்ந்துகொண்டு வலது க்ளிக் செய்தால் ஹோல்ட் ஃபிரேம் சேர்க்கிற கட்டளை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம் நீளும், பின்னால் இருப்பவை தானாகத் தள்ளிப்போகும். கிரிட்டாவில் அடுத்த கீஃபிரேம் வரும்வரை முந்தைய படம் அப்படியே நிற்கும். நீங்கள் கேட்ட "ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி நேரம்" இதுதான். படத்துக்கு நேரம் என்று ஒரு கட்டம் எங்கும் இல்லை, அடுத்த படம் எப்போது வருகிறது என்பதே நேரம்.

ஓபன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம். எக்ஸ்ஷீட் என்ற ஃபிரேம் அட்டவணையில் செல்களைத் தேர்ந்து, ரீஃப்ரேமில் டூஸா த்ரீஸா என்று சொன்னால் போதும்.

பிளெண்டரில் கீஃபிரேம்களைத் தேர்ந்து எஸ் அழுத்தி 2 என்று அடித்தால் இரண்டு மடங்கு விரியும், ஆனால் கர்சர் நிற்கும் ஃபிரேமை மையமாக வைத்து விரியும். அதனால் முதலில் கர்சரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோங்கள். 1.5 மாதிரிப் பெருக்கினால் கீஃபிரேம்கள் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் போய் உட்காரலாம். பிறகு மறக்காமல் அருகிலிருக்கும் ஃபிரேமுக்கு ஸ்னாப் செய்துவிட வேண்டும்.

லைட்பாக்ஸ்_பழசு
எல்லாப் படத்தையும் ஒரே அளவு நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, கோட்டுக்கிறுக்கி. கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். மதில் எவ்வளவு உயரம்?

கோட்டுக்கிறுக்கி
சிறுமியைவிட உயரம். இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள் அக்கா.

லைட்பாக்ஸ்_பழசு
இரண்டு மீட்டர் விழ ஏறக்குறைய 0.64 நொடி ஆகும். 24-ஆல் பெருக்கினால் 15 ஃபிரேம். (ஒரு மீட்டருக்கு 11. உயரம் இரட்டித்தால் நேரம் இரட்டிப்பதில்லை, புதிதாக வருகிற எல்லோரும் இங்கே தடுக்கி விழுவார்கள்.)

ஆக, எட்டுப் படம் பதினைந்து ஃபிரேமை நிரப்ப வேண்டும். நான் இப்படி வைப்பேன்: முதல் படம் 3, அடுத்த ஐந்தும் 2, கடைசி இரண்டும் 1. கூட்டினால் 15. மேலே கொஞ்சம் தயங்கும், கீழே வர வர வேகம் கூடும்.

படங்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தையும் பாருங்கள். சம நேர இடைவெளியில் விழும் பொருள் கடக்கிற தூரம் 1, 3, 5, 7 என்று ஏறும். முன்பின் படங்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னைப் போட்டு, பூனையின் மூக்கு நுனியை மட்டும் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வாருங்கள். மேலே புள்ளிகள் நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் எத்தனை ஹோல்ட் போட்டாலும் பூனை லிஃப்டில் இறங்குகிற மாதிரிதான் இருக்கும்.

இன்னொன்று. குதிப்பதற்கு முன்னால் பதுங்கல் எத்தனை ஃபிரேம் வைத்திருக்கிறீர்கள்?

கோட்டுக்கிறுக்கி
பதுங்கலே இல்லை. உட்கார்ந்திருக்கிறது, குதிக்கிறது.

ஆந்தைவிழி
புலி பதுங்குவது பாய்வதற்காம். பூனைக்கு மட்டும் விதிவிலக்கா?

எட்டு ஃபிரேம் கொடுங்கள். பின்னங்கால் மடங்கி, முதுகு வளைந்து, கடைசி மூன்று ஃபிரேம் அசையாமல் அப்படியே. பார்க்கிறவர் கண் பூனைமேல் போய் உட்கார அவ்வளவு நேரம் தேவை. நீங்கள் முதல் பதிவில் "குதிப்பதே கண்ணில் படவில்லை" என்றீர்களே, அதில் பாதி வேகத்தால், மீதி இதனால். கண் சிறுமியின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பூனை குதித்து முடித்துவிட்டது.

பேசும்படம்
வாயைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், நான் அதிகம் மாரடித்தது அதில்தான்.

ஆடாசிட்டியில் குறித்த எண்ணில் அப்படியே படத்தை வைக்காதீர்கள். ஒன்று அல்லது இரண்டு ஃபிரேம் முன்னால் வையுங்கள். வாய் திறந்த பிறகுதான் சத்தம் வருகிறது, வரைந்ததிலும் அப்படி இருந்தால்தான் இயல்பாகத் தெரியும். ஒலிக்குப் பின்னால் போனால் ஒரு ஃபிரேம்கூட உறுத்தும்.

அடுத்தது, உதடு மூடும் எழுத்துகள். ப, ம இரண்டுக்கும் மூடிய வாய் குறைந்தது இரண்டு ஃபிரேம் நிற்க வேண்டும். ஒரு ஃபிரேம் வைத்தால் மூடியதே தெரியாது. தமிழில் இரட்டிக்கும்போது இன்னும் நிற்க வேண்டும். "ஆமா" சொல்லிப் பாருங்கள், "அம்மா" சொல்லிப் பாருங்கள். இரண்டாவதில் உதடு ஒட்டி நிற்கும் நேரம் கூடுதல். நான் "ஆமா"வுக்கு இரண்டு ஃபிரேமும் "அம்மா"வுக்கு நான்கும் வைக்கிறேன். கோட்டுக்கிறுக்கியின் வசனத்தில் முதல் சொல்லே அம்மா. அந்த நாலு ஃபிரேமைச் சரியாகப் பிடித்துவிட்டால் மற்ற எழுத்துகளில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். "இங்க"வுக்கெல்லாம் நான் தனி வாய்ப் படம் வரைவதே இல்லை, லேசாகத் திறந்த ஒரே வாய்தான்.

வேகக்காரன்
சரி, வாய் விஷயத்தில் நான் வாபஸ். நாலு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் என்று பிரித்துப் பேசுவதற்கே 24 வேண்டும் என்று தெரிகிறது. சின்ன ஜிஃப்புக்கு மட்டும் 12-ஐ விடமாட்டேன்.

கறுப்புமை
ஜிஃப்பில் உங்களுக்கு 12-உம் கிடைக்காது, தெரியுமோ? அதில் ஒவ்வொரு ஃபிரேமின் நேரமும் நூறில் ஒரு நொடிக் கணக்கில், முழு எண்ணாகத்தான் எழுதப்படுகிறது. 12 எஃப்பிஎஸ் என்றால் 8.33 வேண்டும். 8 போட்டால் 12.5 எஃப்பிஎஸ். 24-க்கு 4.17 வேண்டும், 4 போட்டால் 25 ஆகிவிடும், 5 போட்டால் 20-க்கு விழும். சுழலும் ஜிஃப்பில் இது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் "எடிட்டரில் ஒரு வேகம், ஜிஃப்பில் ஒரு வேகம்" என்று யாராவது இங்கே வந்து புலம்பினால் முதலில் இதைப் பாருங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு வேடிக்கை. வேகமாக ஓடட்டும் என்று நேரத்தை 1 என்று வைத்தால், பெரும்பாலான உலாவிகள் அதை 10 என்று எடுத்துக்கொள்ளும். நூறு எஃப்பிஎஸ் கேட்டவருக்குப் பத்து கிடைக்கும்.

நிழல்பொம்மை
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் இதை ஒட்டியது. கைப்பேசியில் ஒருவர் நடப்பதைப் படம் எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்து, அதன்மேல் வரைந்தேன். நடை ஏனோ சோர்ந்துபோய் இருக்கிறது. ஓட்டம் மெதுவாக இல்லை, ஸ்டாப்வாட்ச் வைத்தும் பார்த்துவிட்டேன்.

லைட்பாக்ஸ்_பழசு
கைப்பேசி 30-இல் எடுத்திருக்கும். அந்த முப்பது படத்தையும் 24 எஃப்பிஎஸ் டைம்லைனில் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் ஒரு நொடி நடை 1.25 நொடி ஆகும். சோர்வு அதுதான். முதலில் வீடியோவை 24-க்கு மாற்றிவிட்டுப் பிறகு பிரியுங்கள்.

மாற்றும்போது நிலையான ஃபிரேம் வேகம் என்று கேளுங்கள். நிறையக் கைப்பேசிகள் வெளிச்சத்தைப் பொறுத்து வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டே எடுக்கும். அதை அப்படியே பிரித்தால் சில காலடி நீளும், சில சுருங்கும்.

சரிபார்க்க ஒரு அளவு: சாதாரண நடையில் ஒரு காலடி 24 எஃப்பிஎஸ்ஸில் 12 ஃபிரேம். நிதானமான நடை 16. எட்டுக்கு வந்தால் ஓட ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம்.

நிழல்பொம்மை
எண்ணிப் பார்த்தேன், 15 இருந்தது. 24-க்கு மாற்றியதும் சரியாக 12. நன்றி அக்கா.

ஆந்தைவிழி
30 பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 24-இல் டூஸில் வரைந்ததை ரெண்டரில் 30 என்று மாற்றிவிடாதீர்கள். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டரை ஃபிரேம் வரும். அரை ஃபிரேம் கிடையாது என்பதால் ஒரு படம் 2, அடுத்தது 3 என்று மாறி மாறி நிற்கும். மெதுவான அசைவில் இந்த நொண்டல் பளிச்சென்று தெரியும்.

வேலை தருபவர் 25 வேண்டும் என்றால் ப்ரோஜெக்டைத் தொடங்கும்போதே 25 வையுங்கள், டூஸ் கணக்கெல்லாம் அப்படியே செல்லும். 23.976 இன்னொரு தலைவலி. 24-க்கும் அதற்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு நொடிப் பூனைக்கு ஒன்றும் ஆகாது. பத்து நிமிடப் படத்தில் முடிவுக்கு வரும்போது ஒலி 0.6 நொடி, அதாவது 14 ஃபிரேம் விலகி நிற்கும். ஒரு தடவை மாட்டிக்கொண்டு முழு இரவு விழித்தவன் சொல்கிறேன், ஒலியைத் தருபவரிடமும் எடிட் செய்பவரிடமும் முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கிறுக்கி
இரண்டு நாள் கழித்து வருகிறேன். செய்தது இது:

கேன்வாஸை 1920 ஆக்கினேன். ஸ்டாப்வாட்ச் ஆறு நொடி காட்டுகிறது, டிராப் ஃபிரேம்ஸ் இல்லாமலே. எஃப்பிஎஸ் 24. பூனைக்குப் பதுங்கல் எட்டு ஃபிரேம் வரைந்தேன். விழுவதற்கு அக்கா சொன்ன 3, 2, 2, 2, 2, 2, 1, 1. மூக்கு நுனியைக் குறித்துப் பார்த்தபோது நாலாவது படமும் ஐந்தாவது படமும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருந்தன, ஐந்தாவதை அழித்துக் கீழே தள்ளி வரைந்தேன். வாய்ப் படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபிரேம் முன்னால் இழுத்தேன், "அம்மா"வுக்கு நாலு ஃபிரேம்.

இப்போது எடிட்டரில் பார்ப்பதும் ரெண்டரில் பார்ப்பதும் ஒன்றாக இருக்கின்றன. பூனை குதிப்பதைப் பார்த்து என் தங்கை சிரித்தாள்.

ஒரே ஒரு குறை. பூனை தரைக்கு வந்த பிறகு, வீடியோ முடியும் இடத்தில் காட்சி ரொம்ப நேரம் உறைந்து நிற்கிறது. ஆறு நொடிக்குப் பதில் எட்டு நொடிக்கு மேல் வருகிறது.

கறுப்புமை
அனிமேஷன் அமைப்பில் முடிவு ஃபிரேம் என்ன என்று பாருங்கள். 200 என்று இருக்கும்.

கோட்டுக்கிறுக்கி
ஆமாம், 200! எப்போதோ நானே வைத்தது. 144 என்று மாற்றிவிடுகிறேன்.

கறுப்புமை
143. கிரிட்டா பூஜ்யத்திலிருந்து எண்ணும்.